துப்பறிஞர் ஜோனதன் விச்சர்

உலகில் வெற்றியால் புகழ் பெற்றோர் பலர். தோல்வியுற்றவர்போல் தோன்றிப் பின்னர் உண்மையால் உயர்ந்து நின்றோர் மிகச் சிலர். ஊரெல்லாம் ஒன்றைக் கூறிக்கொண்டிருக்க, தம் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் மெய்யெனப் பட்டதை மட்டுமே கூறி, அதனால் வந்த பழியையும் பொறுத்துக்கொண்டவர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அந்நாட்டின் முதல் துப்பறியும் படையில் பணியாற்றிய ஜோனதன் விச்சரே அவர். நாட்டுப்புறத்தில் தனித்து நின்ற ஒரு மாளிகையில் நிகழ்ந்த கொலையின் மறைவை அவர் கண்டறிந்த வரலாறு, கதையினும் வியப்புடையது. கதைகள் பலவற்றிற்கு ஊற்றாகவும் அமைந்தது.

இளமையும் காவற்பணியும்

விச்சர் 1814ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளில், இலண்டன் மாநகரின் தென்பால் உள்ள கேம்பர்வெல் என்னுமிடத்தில் பிறந்தார். அவர் தந்தையார் தோட்ட வேலை செய்து வாழ்ந்த எளியவர். எனவே, செல்வமும் குலப்பெருமையும் விச்சருக்கு வாய்க்கவில்லை. உழைப்பாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1837ஆம் ஆண்டில் இலண்டன் காவற்படையிற் சேர்ந்தார்.

அக்காவற்படை 1829ஆம் ஆண்டில்தான் அமைக்கப்பட்டது. ஆங்கில மக்கள் அதனைத் தொடக்கத்தில் ஐயக் கண்கொண்டே நோக்கினர். அரசாங்கம் தம் வீடுகளுக்குள் ஒற்றரை ஏவுமோ என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்கும் பொருட்டே காவலர் அனைவரும் யாவரும் அறியுமாறு சீருடை அணிந்து திரிந்தனர். ஆனால், சீருடை அணிந்தவனைக் கண்டவுடன் கள்வன் ஒளிந்துகொள்வான் அல்லனோ? நிகழ்ந்த குற்றத்தை ஆராய்ந்து குற்றவாளியைத் தேடிக் காண்பதற்குத் தனிப்படை ஒன்று வேண்டும் என்பது நாளடைவில் தெளிவாயிற்று. ஆகவே, 1842ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து யார்டு எனப்படும் தலைமை நிலையத்தில் எண்மரைக் கொண்ட துப்பறியும் படை தோன்றியது. இவர்கள் சீருடையின்றிப் பொதுமக்களைப் போல் உடுத்துத் திரிந்து ஆராயும் உரிமை பெற்றிருந்தனர். அவ்வெண்மருள் விச்சரும் ஒருவர்.

விச்சர் உயரத்திற் குறைந்தவர், கட்டமைந்த உடலினர், முகத்தில் அம்மைத் தழும்பு உடையவர். மிகுதியாகப் பேசாது, எந்நேரமும் மனத்துக்குள் ஏதோ எண்ணிப் பார்ப்பவர்போல் காணப்படுவார். ஆங்கில நாவலாசிரியருள் தலைசிறந்தவராகிய சார்லஸ் டிக்கன்ஸ், 1850ஆம் ஆண்டில் இத் துப்பறிஞர்களை நேரில் அழைத்து உரையாடினார். அவர்தம் திறமையைத் தாம் நடத்திய வார இதழில் வியந்து எழுதினார். அக்கட்டுரையில் விச்சரின் பெயரைச் சிறிது மாற்றி அமைத்து, அவர் செயலையும் தோற்றத்தையும் நாடறியச் செய்தார். பின்னர் இன்ஸ்பெக்டர் பதவிக்கு உயர்ந்த விச்சர், உடன் பணிபுரிந்தோரால் துப்பறிஞருள் முதல்வர் எனப் போற்றப்பட்டார்.

மாளிகையில் நிகழ்ந்த கொடுமை

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வில்ட்ஷயர், சாமர்செட் ஆகிய இரு மாவட்டங்களும் கூடும் எல்லையில் ரோட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் புறத்தே, செடிகொடிகளும் மரங்களும் சூழ, மூன்று நிலைகளை உடைய மாளிகை ஒன்று தனித்து நின்றது. ரோட் ஹில் மாளிகை என்பது அதன் பெயர். தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அரசாங்க அலுவலராகிய சாமுவேல் கென்ட் என்பவர் அதில் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தார்.

கென்டின் முதல் மனைவி 1852ஆம் ஆண்டில் இறந்தார். அவ்வம்மையார் உயிரோடிருந்த காலத்திலேயே குழந்தைகளுக்குக் கல்வி கற்பிக்க வந்து வீட்டிலே தங்கியிருந்த பெண்ணைக் கென்ட் மறுஆண்டில் மணந்துகொண்டார். முதல் மனைவியின் மக்கள் நால்வரும், இரண்டாம் மனைவியின் மக்கள் மூவரும், செவிலிப்பெண், சமையற்பெண், பணிப்பெண் ஆகிய மூவரும், கணவன் மனைவியருமாகப் பன்னிருவர் அம்மாளிகையில் துயின்ற இரவு அது. 1860ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் வெள்ளிக்கிழமை. கதவுகளும் பலகணிகளும் வழக்கம்போல் உள்ளிருந்து தாழிடப்பட்டன.

மறுநாள் விடியற்காலையில் செவிலிப்பெண் கண்விழித்தாள். தன் அறையில் உறங்கிய நான்கு வயதுகூட நிரம்பாத சாவில் என்னும் ஆண் குழந்தையின் கட்டில் வெறுமையாக இருந்தது. தாயே குழந்தையை எடுத்துச் சென்றிருப்பார் என எண்ணி அவள் சிறிது நேரம் வாளாவிருந்தாள். பின்னர்த் தாயை வினவியபோது, குழந்தை அங்கும் இல்லை என்பது தெரிந்தது. கூடத்தின் பலகணி ஒன்று திறந்து கிடந்தது. தந்தை வண்டியேறிக் காவலரை அழைக்க விரைந்தார். ஊரார் தோட்டமெங்கும் தேடினர். வேலையாட்களுக்கென மரச்செறிவின் இடையே அமைந்திருந்த கழிப்பிடத்தின் உள்ளே, கழுத்து அறுபட்ட நிலையில் அக்குழந்தையின் உடலைக் கண்டெடுத்தனர். குழந்தையைப் போர்த்தியிருந்த கம்பளமும் உடன் கிடந்தது. பச்சிளங் குழந்தையைக் கொல்லும் நெஞ்சமும் உலகில் உண்டோ என நாடே நடுங்கியது.

ஊர்க் காவலரின் தடுமாற்றம்

உள்ளூர்க் காவலர் வந்தனர். ஆனால், மாளிகைத் தலைவரின் மதிப்பு அவர்தம் கண்களை மறைத்தது. உயர்குடியினரின் அறைகளையும் பெட்டிகளையும் சோதிக்க அவர்கள் கூசினர். அன்று மாலை, அடுக்களையை அடுத்த கொதிகலனின் அடுப்பினுள் குருதிக் கறை படிந்த ஆடை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதனைச் சான்றாகப் போற்றி வைக்காமல், கண்ட இடத்திலேயே விட்டு மறைந்திருந்து பார்க்க எண்ணினர். அவ்வாடை எவ்வாறோ மறைந்துபோயிற்று. தம் பிழை வெளிப்படுமே என அஞ்சி அச்செய்தியையே அவர்கள் மறைத்துவிட்டனர். பின்னர் வந்த விச்சருக்கும் அதனை அவர்கள் கூறவில்லை.

குற்றவாளியைக் காணாது திகைத்த அவர்களுக்கு எளிதில் அகப்பட்டவள் செவிலிப்பெண். அருகில் உறங்கியவள் அறியாமல் குழந்தையை எவ்வாறு எடுத்திருக்க முடியும் என்பதே அவள் மேல் அவர்கள் கொண்ட ஐயத்திற்குக் காரணம். பேசுதற்கு ஆளில்லாத ஏழைப் பெண்ணைப் பிடித்து அடைத்தனர். தக்க சான்று கிடைக்காமையால் விடுவித்தனர். இரண்டு வாரங்கள் கழிந்தன. வழக்கு ஓரடியும் நகரவில்லை. ஊர் நீதிபதிகள் இலண்டனிலிருந்து தேர்ந்த துப்பறிஞர் ஒருவரை அனுப்புமாறு வேண்டினர். அரசாங்கம் விச்சரை அனுப்பியது. அவர் ஜூலைத் திங்களின் நடுவில் ரோட் ஹில் மாளிகையை அடைந்தார்.

சிறு பொருளில் பெருஞ்சான்று

விச்சர் முதலில் பலகணியை நோக்கினார். அதனை வெளியிலிருந்து எவரும் உடைத்துத் திறந்ததற்கு அடையாளம் இல்லை, உள்ளிருந்தே திறந்திருந்தனர். குழந்தையின் அறையையும், இருளில் அதனை அடையும் வழியையும், தோட்டத்தின் மறைவிடத்தையும் அறிந்தவரே இக்கொடுமையைச் செய்திருத்தல் கூடும். எனவே, கள்வன் வெளியிலிருந்து வந்தவன் அல்லன். கொலை செய்தவர் அம்மாளிகையினுள்ளேயே இருக்கிறார் என்பது விச்சரின் முதல் முடிவு.

அடுத்து அவர் உள்ளம் ஆடைகளின்பாற் சென்றது. குருதி படிந்த ஆடையை அணிந்தவர் அதனைக் கழுவவோ ஒளிக்கவோ அழிக்கவோ வேண்டும். எனவே, அவ்வீட்டாரின் துணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். முதல் மனைவியின் மகளாகிய கான்ஸ்டன்ஸ் என்னும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இரவில் அணியும் அங்கிகள் மூன்று இருந்தன. ஆனால், இரண்டே கண்ணிற்பட்டன. மூன்றாவது எங்கே என வினவியதற்கு, அது சலவையில் தொலைந்துவிட்டது என்னும் விடை கிடைத்தது. சலவைக் கணக்குப் புத்தகத்தில் அங்கி குறிக்கப்பட்டிருந்தது. துணிகளைப் பெற்றுச் சென்ற சலவைப் பெண்ணோ கூடையில் அது இல்லை என்றாள்.

பிறர் அனைவரும் சலவைப் பெண்ணின் கவனக்குறைவு என விட்டுவிட்ட இச்சிறு செய்தியே விச்சருக்குப் பெருவிளக்காயிற்று. அவர் பணிப்பெண்ணைப் பொறுமையோடு வினவினார். கொலை நிகழ்ந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, அழுக்குத் துணிகளை அவள் கூடையிற் கட்டி வைத்தபின் கான்ஸ்டன்ஸ் அங்கு வந்தாள். தன் பாவாடைப் பையில் பணப்பையை மறந்து வைத்துவிட்டேனா பார் என்றாள். பின்னர்க் குடிக்கத் தண்ணீர் கொணருமாறு பணிப்பெண்ணைக் கீழே அனுப்பினாள். அவள் திரும்பி வருவதற்குள் சிறிது நேரம் கூடையருகே தனித்து நின்றாள்.

விச்சர் இதனை எண்ணிப் பார்த்தார். கறைபட்ட அங்கியை அப்பெண் முன்னரே அழித்திருத்தல் வேண்டும். அங்கி ஒன்று குறைவது வெளிப்பட்டால் ஐயம் பிறக்கும். ஆதலால் கறையற்ற வேறோர் அங்கியைக் கணக்கில் எழுதச் செய்து, கூடையிலும் இடச் செய்து, பணிப்பெண் கீழே சென்றபோது அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். இதனால் குறைந்த அங்கி சலவைப் பெண்ணிடம் தொலைந்ததாகத் தோன்றும். பழி ஏழையின் தலையில் விழும். இதுவே விச்சர் கண்ட விடை.

வேறு செய்தியும் அவர்தம் எண்ணத்தை உறுதிப்படுத்தியது. நான்கு ஆண்டுகட்கு முன், 1856ஆம் ஆண்டில், கான்ஸ்டன்ஸ் தன் தம்பியோடு வீட்டைவிட்டு ஓடிப்போனாள். அப்போது தன் கூந்தலை அறுத்து, ஆண்பிள்ளை உடை அணிந்துகொண்டாள். அறுத்த கூந்தலையும் களைந்த உடையையும் ஒளித்து வைத்த இடம், குழந்தையின் உடல் கிடைத்த அதே கழிப்பிடமே. மாற்றாந்தாயின் மக்களுக்குக் கிடைத்த அன்பு தங்கட்குக் கிடைக்கவில்லை என்னும் மனக்கசப்பு அப்பெண்ணிடம் முற்றியிருந்ததையும் விச்சர் உணர்ந்தார். ஒரு வாரத்திற்குள் இவ்வளவும் தெளிந்த அவர், நீதிபதிகளின் ஆணை பெற்றுக் கான்ஸ்டன்ஸைச் சிறைப்படுத்தினார்.

பழியும் பொறுமையும்

ஜூலைத் திங்களின் இறுதியில் ஊர்மன்றத்தில் விசாரணை நடந்தது. காணாமற்போன அங்கியே விச்சரின் முதன்மையான சான்று. ஆனால், அது இல்லாத பொருள். இல்லாத பொருளை மன்றத்தில் எவ்வாறு காட்டுவது? கறைபட்ட ஆடை ஒன்று முன்பே கிடைத்து மறைந்த செய்தியை ஊர்க் காவலர் கூறியிருந்தால், அவர் வழக்கு வலிவு பெற்றிருத்தல் கூடும். அதுவும் அவருக்குத் தெரியாது. கான்ஸ்டன்ஸின் வழக்கறிஞரோ, நற்குடியிற் பிறந்த இளநங்கையை ஓர் அங்கியைக் காரணம் காட்டிக் கொலைகாரி என்பதா எனக் கேட்டார். துப்பறிஞர் பரிசுப் பொருளுக்கு ஆசைப்பட்டார் என்றும் இழித்துரைத்தார். கூடியிருந்தோர் கைகொட்டி மகிழ்ந்தனர். நீதிபதிகள் கான்ஸ்டன்ஸைத் தந்தையின் பிணையில் விடுவித்தனர்.

செய்தித்தாள்கள் விச்சர்மேல் வசைமாரி பொழிந்தன. பாராளுமன்றத்திலும் அவர் செயல் பழிக்கப்பட்டது. தோட்டக்காரரின் மகன், பெருங்குடிப் பெண்களின் ஆடைகளை எண்ணிப் பார்ப்பதா என்னும் சினமே அப்பழிச் சொற்களின் அடியில் இருந்தது. ஐயத்திற்குரியவர் பணியாளராயின் உடனே நம்பும் உலகம், அவரே மாளிகைக்கு உரியவராயின் நம்ப மறுத்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் செவிலிப்பெண்ணையே மீண்டும் பிடித்து விசாரித்தனர். இம்முறையும் சான்றில்லாமல் அவள் விடுதலை பெற்றாள். ஆயினும், அவள் மேல் விழுந்த ஐயநிழல் நீங்கவில்லை. குழந்தையின் தந்தையையும் சிலர் ஐயுற்றனர். உண்மை மறைந்திருக்கும்வரை குற்றமற்றவர் எத்துணைப் பேர் அதன் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது!

விச்சர் இலண்டனுக்குத் திரும்பினார். தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக ஒரு சொற் கூறியிருந்தால் அவர்மேல் எழுந்த சினம் தணிந்திருக்கும். செவிலிப்பெண்ணே குற்றவாளி என ஊரோடு ஒத்துப் பாடியிருந்தால் புகழும் மீண்டிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. தாம் கண்டது உண்மை என்பதையே தம் மேலதிகாரிகளிடம் உறுதியாகக் கூறி வந்தார். பிறகு உடல்நலம் குன்றியது. 1864ஆம் ஆண்டில், ஐம்பது வயது நிரம்புமுன்னரே, மூளை நோய் காரணமாகப் பணியினின்றும் ஓய்வு பெற்றார்.

வெளிப்பட்ட உண்மை

ஓராண்டு கழிந்தது. 1865ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 25ஆம் நாள், கரிய உடை அணிந்த இளம்பெண் ஒருத்தி, சமயகுரு ஒருவருடன் இலண்டன் நீதிமன்றம் ஒன்றிற்குத் தானே வந்தாள். அவளே கான்ஸ்டன்ஸ் கென்ட். தம்பி சாவிலைக் கொன்றவள் தானே என எழுதிக் கொடுத்தாள். எவரும் அவளைப் பிடித்து வரவில்லை. புதிய சான்றும் எதுவும் கிடைக்கவில்லை. ஐந்தாண்டுகள் அவள் நெஞ்சே அவளைச் சுட்டது. நெஞ்சறிந்த பொய் நெஞ்சிலேயே தங்கிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. செவிலிப்பெண்ணின் மேலும் தந்தையின் மேலும் படிந்த ஐயம் அன்றே நீங்கியது. விச்சரின் கூற்று மெய்யாயிற்று.

ஜூலைத் திங்களில் சாலிஸ்பரி நகரில் நடந்த வழக்கில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார். அவள் குற்றம் செய்தபோது இளமைப் பருவத்தினளாக இருந்ததையும், தானே வந்து உண்மை உரைத்ததையும் எண்ணி, அத்தண்டனை வாழ்நாட் சிறையாக மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகள் சிறையில் இருந்து 1885ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற அவள், மறுஆண்டில் ஆஸ்திரேலியா சென்றாள். அங்கு வேறு பெயர் பூண்டு, மருத்துவத் தாதியாகப் பயிற்சி பெற்று, நச்சுக்காய்ச்சலால் வருந்தியோர்க்குத் தொண்டு புரிந்தாள். 1944ஆம் ஆண்டில் தன் நூறாம் வயதில் இறந்தாள். கொலையில் அவள் தம்பி வில்லியமும் துணை புரிந்தானோ என்னும் ஐயம் விச்சருக்கே இருந்தது. இன்றும் ஆய்வாளர் சிலரிடம் அது உண்டு. ஆயினும், அவள் தன் வாக்குமூலத்தில் பிறர் எவரையும் சுட்டவில்லை.

மீண்டும் ஒரு வெற்றி

விச்சர் காவற்படைக்குத் திரும்பவில்லை. எனினும், தனியார்க்குத் துப்பறிந்து உதவும் தொழிலை மேற்கொண்டார். அக்காலத்தில் டிச்போர்ன் என்னும் பெருங்குடும்பத்தின் மகன் ஒருவன் 1854ஆம் ஆண்டில் கடற்பயணத்தில் மறைந்திருந்தான். அவனே தான் எனக் கூறிக்கொண்டு, 1866ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவன் வந்தான். மகனைத் தேடி ஏங்கிய தாய் அவனை நம்பிவிட்டார். குடும்பத்தார் விச்சரை நாடினர். இலண்டனில் வந்திறங்கியவுடன் அவன் துறைமுகப் பகுதியாகிய வாப்பிங்கிற்குச் சென்று, ஆர்ட்டன் என்னும் இறைச்சிக் கடைக்காரரின் குடும்பத்தைப் பற்றி விசாரித்ததை விச்சர் கண்டறிந்தார். பெருங்குடி மகனுக்கு அங்கென்ன வேலை? அச்சிறு செயலைப் பற்றிக்கொண்டு தொடர்ந்த ஆராய்ச்சி, வந்தவன் ஆர்தர் ஆர்ட்டன் என்பதைக் காட்டியது. நெடிய வழக்கின் முடிவில், 1874ஆம் ஆண்டில் அவனுக்குப் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. விச்சரின் கூரிய அறிவு மங்கிவிடவில்லை என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

1881ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், தம் அறுபத்தாறாம் வயதில் விச்சர் இயற்கை எய்தினார். ரோட் ஹில் மாளிகையில் அக்குழந்தை இறுதியாக உறங்கச் சென்ற இரவும் ஜூன் 29ஆம் நாள் இரவே. இடையிற் கழிந்தவை இருபத்தோராண்டுகள்.

கதைகளின் ஊற்று

மாளிகை வழக்கு எழுத்தாளர் உள்ளங்களை விட்டகலவில்லை. வில்கி காலின்ஸ் என்பவர் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட சந்திரகாந்தக்கல் பற்றிய நாவல் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதிலும் நாட்டுப்புற மாளிகை ஒன்று உண்டு. காணாமற்போன இரவு அங்கி உண்டு. சலவைக் கணக்கு உண்டு. இலண்டனிலிருந்து வரும் துப்பறிஞரும் உண்டு. தனித்த மாளிகை, அதனுட் கூடியிருப்போர் அனைவர்மேலும் ஐயம், பிறர் புறக்கணிக்கும் சிறு பொருளிலிருந்து உண்மையைக் காணும் அறிஞர் என்னும் அமைப்பு பின்னர் எழுந்த கதைகளுக்கு வழிகாட்டியாயிற்று. அகதா கிறிஸ்டி அம்மையாரின் முதல் நாவலும் நாட்டுப்புற மாளிகை ஒன்றிலேயே நிகழ்கிறது. கதைகளில் துப்பறிஞர் இறுதியில் அனைவரையும் கூட்டி உண்மையை உரைப்பார், யாவரும் தலைவணங்குவர். விச்சர் உண்மையை உரைத்தபோதோ, அவரையே யாவரும் தலைகுனியச் செய்தனர். கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

விச்சரின் வாழ்க்கை இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஐயம் வேறு, சான்று வேறு. சான்று நிரம்பாதவிடத்து ஒருவரைத் தண்டியாமல் விடுவது நீதிமன்றத்தின் கடன். ஆதலால் கான்ஸ்டன்ஸை அன்று விடுவித்தது நீதிபதிகளின் குற்றம் அன்று. ஆனால், உண்மையை நாடியவரைப் பிறப்பாலும் தொழிலாலும் இழிவுபடுத்தியதும், எளியவளாகிய செவிலியை எளிதில் ஐயுற்றதும் பெருங்குற்றமேயாகும். செல்வர் இல்லத்தில் ஒரு நீதி, ஏழை குடிசையில் மற்றொரு நீதி என உண்மைக்கு வேறுபாடு இல்லை. கண்ணுக்குப் புலப்படாத சிறியவற்றைக் கூர்ந்து நோக்கும் அறிவும், கண்டதை அஞ்சாது கூறும் துணிவும், அதன்பொருட்டு வரும் பழியைப் பொறுக்கும் ஆற்றலும் ஒருங்கே அமைந்தவர் விச்சர். காலம் தாழ்த்தேனும் உண்மை அவர்பால் வந்து சேர்ந்தது. அத்தகையோர் நெறியைப் பின்பற்றுதல் கற்றோர்க்கும் கற்போர்க்கும் கடனாகும்.